காய்ந்த கசடு உரமாகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2017-இல் கருங்குழியில் தொடங்கி, செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் தமிழகத்தில் ஒவ்வோர் ஊராக வந்துகொண்டிருக்கின்றன. உலர்படுகையில் காய்ந்து, வாடை போய், கறுப்பு மண்ணாய் உதிரும் கசடைப் பார்த்தால் அப்படியே விவசாயிக்கு அள்ளிக் கொடுக்கத் தோன்றும். கொடுக்கக் கூடாது. மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டை, காய்ந்த கசடிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதைக் கொல்ல மக்கும் குவியலின் சூடு வேண்டும்.

கசடில் தழைச்சத்து அதிகம், கரிமம் குறைவு. தனியாகக் குவித்தால் அமோனியா நெடிதான் மிஞ்சும். ஒரு கூடை காய்ந்த கசடுக்கு மூன்று கூடை சந்தைக் கழிவும் சருகுமாகச் சேர்க்கலாம். சருகைக் குறைத்துக் காய்கறிக் கழிவையே கொட்டினால் குவியல் தண்ணீர்விட்டு அமுங்கும். காற்றுப் புகாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், அவ்வளவே ஈரம். உயரம் ஐந்தடி, மூன்றடிக்குக் குறைந்தால் சூடு நிற்காது.

நடுப்பகுதி 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்டவும் வேண்டும். கோட்டை விடுவது இங்கேதான். ஓரம் எப்போதும் ஆறிக் கிடக்கும். அதை உள்ளே தள்ளாமல் மேலாகக் கிளறினால், நடுவில் கிருமி செத்தாலும் ஓரத்திலிருந்து மறுபடி பரவும். பிறகு இரண்டு மாதம் முதிர விட வேண்டும். அவசரப்பட்டு வயலில் போட்டால், பாதி மக்கிய சருகே மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.

உலோகத்தை எந்தச் சூடும் அழிக்காது. மக்கி எடை குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்ட் ஒரு கிலோவில் காட்மியம் 5, குரோமியம் 50, ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எனவே தோல், சாயம், முலாம் பட்டறைக் கழிவோடு வரும் லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒரு லாரி போதும், படுகை முழுவதும் பாழ்.

ஒவ்வொரு குவியலுக்கும் எண் கொடுத்து, தினசரி வெப்பப் பதிவையும் புழுமுட்டை, உலோகச் சோதனை முடிவுகளையும் உள்ளாட்சிகள் மூட்டையிலேயே ஒட்டித் தர வேண்டும். ஒட்டாத மூட்டையை, இலவசமாகவே தந்தாலும், கீரைப் பாத்திக்கும் முள்ளங்கிக்கும் கொண்டுபோகாதீர்கள்.

— வாசகர், மதுராந்தகம்