நெய்வேலிக் கிணறுகளின் கணக்கு ஊர்ச் சபைக்கு வரட்டும்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் பீறிடும். ஆகவே இரவு பகலாக இறைத்துக்கொண்டேதான் நிலக்கரி வெட்டுகிறார்கள். வெளியேறும் நீர் பரவனாற்றிலும் பெருமாள் ஏரியிலும் சேர்ந்து வயல்களுக்குப் பாய்கிறது. நீரின் தரத்தை அறிய, சுரங்க வேலிக்குள் எடுக்கும் மாதிரி மட்டும் எப்படிப் போதும்? சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளின் நீரையும் சோதியுங்கள்.

2023 இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் இப்பகுதியின் நீரையும் மண்ணையும் ஆராய்ந்து, பாதரசம் உள்ளிட்ட மாசுகளைப் பற்றி எச்சரித்தன. குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்க, மாதிரி எடுப்பதிலேயே கவனம் வேண்டும். குழாயில் தேங்கிய நீரை முதலில் வெளியேற்ற வேண்டும். உலோகங்களுக்கான மாதிரியில் உடனே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் உலோகம் புட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆய்வகம் நல்ல நீர் என்று சான்று தரும்.

அமில காரத் தன்மையும் கரைந்த உப்பும் மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். நிலக்கரியில் உள்ள கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டால் அமிலமாகி, உலோகங்களைக் கரைத்து இறக்கக்கூடியவை. அனல் மின் நிலையங்களின் சாம்பலைக் கொட்டும் குளங்களின் கசிவும் உண்டு. சல்பேட், பாதரசம், ஆர்செனிக், செலினியம், ஃபுளோரைடு எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும்.

என் முதன்மையான வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு முடிவோடும் கிணற்றின் ஆழத்தைச் சேர்த்து வெளியிடுங்கள். இங்கே மேல் அடுக்கு நீர் வேறு, நிலக்கரிக்குக் கீழுள்ள நீர் வேறு. இரண்டையும் கலந்து சராசரி சொன்னால், அடிபம்பில் நீர் பிடிக்கும் பெண்ணுக்குத் தன் குடத்தில் இருப்பது என்னவென்று தெரியாமலே போகும். கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறையும், அதே கிணறுகளில் அளக்க வேண்டும். கிணறுகளை ஊர்மக்களோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள். மாதிரியின் பாதியை முத்திரையிட்டு ஊராட்சியிடம் கொடுங்கள். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபைகளில் அந்த முடிவுகளைத் தமிழில் வாசிக்கச் செய்யுங்கள். உங்கள் பொறியாளர் ஒருவர் அங்கே அமர்ந்து, எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது, மாற்று நீர் எப்போது வரும் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டக் குடிமகன் ஒருவன்