மகளின் போன் விஷயமாக

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலை நடைக்குப் போக ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மற்ற செய்தியெல்லாம் அப்புறம். நீ கேட்ட விஷயம்தான் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மகளுக்குத் தெரியாமல் அவள் போனில் ஒரு செயலியைப் போட்டு, வாட்ஸ்அப்பில் யாரோடு என்ன பேசுகிறாள் என்று பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன் பயம் வீண் பயம் என்று சொல்லவில்லை. பதினான்கு வயசுப் பெண் திடீரென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், நீ வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தால், பெற்றவளுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஒளிந்து பார்த்தால் ஒருநாள் அவளுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகிவிட மாட்டாள், இன்னும் சாமர்த்தியமாக மறைப்பாள். அதோடு, அந்த மாதிரிச் செயலிகள் அவள் மெசேஜையும் படங்களையும் முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கிருந்து அவை வெளியே கசிந்த சம்பவங்களும் உண்டு.

ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள், பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்து 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகள் வெளியே என்ன செய்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பங்கு, பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னது. துருவிக் கேட்டும் கட்டுப்பாடு போட்டும் தெரிந்துகொண்டது அதைவிடக் குறைவு. ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய ஆய்வுதான். ஆனாலும் எங்கள் வீட்டில் நான் பார்ப்பது அதைத்தான்.

போன மாதம் சின்னவன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். ஆன்லைன் விளையாட்டில் பழக்கமான யாரோ, தனக்கும் பன்னிரண்டு வயசு என்று சொல்லிக்கொண்டு, முதலில் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டு, பிறகு “உன் போட்டோ அனுப்பு, அம்மாகிட்ட சொல்லாதே” என்று எழுதியிருந்தது. பையனுக்கு முகம் வெளுத்திருந்தது. “போனை வாங்கி வெச்சுக்குவியாம்மா?” என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. மாட்டேன் என்றேன். இருவரும் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் கொடுத்து, அந்த ஆளை பிளாக் செய்தோம். போன் பறிபோகும் என்று நினைத்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான். மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதே, எதையும் அழிக்காதே, நேராக என்னிடம் வா என்று உன் மகளிடமும் இப்போதே சொல்லி வை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள கூகுள் தரும் செயலி. சின்னவனை உட்கார வைத்துக்கொண்டுதான் போட்டோம். எவ்வளவு நேரம், எந்தச் செயலி என்று பார்க்கலாம். மெசேஜைப் படிக்க முடியாது. எனக்கு அது போதும். ராத்திரி எல்லார் போனும் ஹாலில்தான் சார்ஜ் ஏறும், என்னுடையதும் அவருடையதும் உட்பட. இந்த “உட்பட” இல்லாவிட்டால் அவன் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டான். எட்டு வயதில் வைத்த கட்டுப்பாட்டைப் பதினாறு வரைக்கும் இழுக்கவும் கூடாது, வருஷத்துக்கு வருஷம் தளர்த்த வேண்டும்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. வயதுவந்த யாரோ அவளைத் தனியாகச் சந்திக்கக் கூப்பிடுகிறான் என்றோ, அவள் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள் என்றோ நிஜமான அறிகுறி தெரிந்தால் போனைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் “எனக்குப் பயமாக இருக்கிறது, பார்க்கப் போகிறேன்” என்று அவளிடமே சொல்லிவிட்டுப் பார். நீ எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்துவது அந்த வயசுக்கு உள்ளதுதான்.

இந்த வாரம் அவளோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வா. விசாரணை மாதிரி இல்லாமல், அவள் போனில் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. தேவைப்பட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி