43-ஆவது நாள்: மேஜர் லீக் பேச்சு மேசைக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கும், 30 அணிகளின் உரிமையாளர்களுக்கும், வீரர்கள் சங்கத்தின் பேச்சுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் பணி விதிகளையும் முடிவுசெய்யும், உங்களுக்கிடையிலான மேஜர் லீக் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடிகிறது. 2027 சீசனோடு, மேஜர் லீக் அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களை வளர்க்கும் கீழ்மட்ட லீக்குகளான மைனர் லீக்கின் ஒப்பந்தமும் முடியும். நட்சத்திர வீரர்களின் கோடிக்கணக்கான டாலர்களைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசும். அந்தப் பேச்சில் காணாமல் போகக்கூடியவர்களுக்காக எழுதுகிறோம். முப்பது வயதைத் தாண்டியும், மைனர் லீக்கின் மேல் இரண்டு மட்டங்களான டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ அணிகளில் ஊர் மாறி ஊர் மாறி ஆடிக்கொண்டிருக்கிற, இந்த ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர்கள் அவர்கள்.

2023-இல் நீங்கள் செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறோம். மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு அதுதான் முதல் கூட்டு ஒப்பந்தம். ட்ரிபிள்-ஏ குறைந்தபட்சச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. டபுள்-ஏயில் 13,800 என்பது 30,250 ஆனது. இந்த இரண்டு மட்டங்களிலும் ஆளுக்கொரு படுக்கையறை கிடைத்தது. இதெல்லாம் எத்தனை வீட்டில் அடுப்பெரிய வைத்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அதே ஒப்பந்தம்தான் இன்னொன்றையும் செய்தது. ஓர் அணி உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர்களின் உச்ச எண்ணிக்கை 2024 முதல் 180-இலிருந்து 165 ஆகக் குறைந்தது. அணிக்கு 15 என்றால் 30 அணிகளில் 450 இடங்கள். இடம் குறையும்போது யார் தலை உருளும்? பெரிய கையெழுத்துத் தொகை கொடுத்து எடுத்த 19 வயதுப் பையனை எந்த அணியும் விடாது. மூன்று இடங்களில் பந்து தடுக்கத் தெரிந்த, இளம் பந்துவீச்சாளருக்கு எதிரணி ஆட்டக்காரரின் பலவீனத்தைக் காதில் சொல்லித் தரும் 31 வயதுக்காரர்தான் முதலில் வெளியே போவார்.

அவரை எப்போது அனுப்புகிறீர்கள் என்பதுதான் கூடுதல் வேதனை. 2021 முதல், அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் புதுமுகத் தேர்வு ஜூலையில், 20 சுற்றுகளாக நடக்கிறது. புதியவர்கள் கையெழுத்திட்டு வரவர, 165-ஐத் தாண்டாமலிருக்க ஜூலைக் கடைசியில் பழையவர்கள் கையில் விடுவிப்புத் தாள் வருகிறது. மார்ச் கடைசியில், பயிற்சி முகாம் முடியும் தறுவாயில் அனுப்பினால்கூட அவருக்கு வழி உண்டு. மெக்சிகன் லீக்கும் அட்லாண்டிக் லீக்கும் அப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும். ஜூலை முடிவில் அங்கெல்லாம் இடங்கள் நிரம்பியிருக்கும். கரீபியன் குளிர்கால லீக்குகள் தொடங்குவதோ அக்டோபரில். நடுவிலுள்ள இரண்டு மாதங்கள் வருமானமும் கிடையாது, கூரையும் கிடையாது. எங்கள் முதல் கோரிக்கை: ஆறு சீசன் முடித்த ஒருவரை ஜூலை 1-க்குப் பிறகு விடுவித்தால், சீசன் முடியும் நாள் வரை அவருடைய சம்பளத்தையும் தங்குமிடத்தையும் அணியே தர வேண்டும்.

அடுத்து, இந்த மடலை எழுதத் தூண்டிய கணக்குக்கு வருகிறோம்.

மேஜர் லீக் அணியின் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சேவை நாள். அப்படி 172 சேர்ந்தால் ஓர் ஆண்டு. அதில் கால் பங்கு, அதாவது 43 நாட்கள், இருந்தால்தான் ஓய்வூதிய உரிமை. ஒரே ஒரு நாள் பட்டியலில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி வந்துவிடும். அது நல்ல விதி. ஆனால் 42 நாளில் நின்றவருக்கு ஓய்வூதியத்தில் பங்கு ஏதுமில்லை. அந்த நாட்களைக் கூட்டுவதும் நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. ஒருவரை மூன்று சீசன்கள் வரை அணி கீழே, அதாவது மைனர் லீக்குக்கு, அனுப்பி மேலே அழைக்கலாம். 2022 முதல் ஒரு சீசனில் ஐந்து முறை. கீழே அனுப்பினால் மட்டையாளர் குறைந்தது 10 நாளும் பந்துவீச்சாளர் 15 நாளும் அங்கேயே இருக்க வேண்டும். மேலே யாராவது காயமடைந்தால் மட்டும் விலக்கு. ஒரு சீசனில் கீழே கழித்த நாட்கள் மொத்தம் 20-க்குக் குறைவாக இருந்தால் அவையும் சேவைக் கணக்கில் சேரும். 20 ஆகிவிட்டால் சேராது. ஒரு திங்கட்கிழமைக்குப் பதில் ஒரு புதன்கிழமை கூப்பிட்டால் போதும், ஒருவருடைய முதுமையின் கணக்கு மாறிவிடுகிறது.

ட்ரூ மேகியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரைப் புதுமுகத் தேர்வின் 15-ஆவது சுற்றில் எடுத்தது. 2021-இல் மினசோட்டா அணி அவரை மேஜர் லீக் பட்டியலில் சேர்த்தது, களத்தில் இறக்கவில்லை. 1,155 மைனர் லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, 2023 ஏப்ரல் 26 அன்று, 33 வயதில், சொந்தக் காரணத்துக்காக விடுப்பெடுத்த இன்னொருவரின் இடத்தில் பிட்ஸ்பர்கில் முதன்முதலாக மட்டை பிடித்தார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்று ஆட்டங்கள் ஆடியதும் மறுபடி கீழே அனுப்பப்பட்டார். கைதட்டலை யாரும் சேவை நாளாக எழுதுவதில்லை. மைக் ஹெஸ்மனும் அப்படித்தான். அமெரிக்க மைனர் லீக்குகளில் 433 ஹோம் ரன் அடித்து, 2015-இல் டொலிடோ அணிக்காகச் சாதனை படைத்தவர். மேஜர் லீக் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே இருப்பது 109 ஆட்டங்கள்.

இதற்கு நாங்கள் கேட்பது மிகச் சிறியது. குறைந்தது ஒரு நாளாவது மேஜர் லீக் பட்டியலில் இருந்தவருக்கு, ட்ரிபிள்-ஏயில் கழித்த ஒவ்வொரு 10 நாளுக்கும் ஒரு சேவை நாள் எழுதுங்கள். ட்ரிபிள்-ஏ சீசன் 150 ஆட்டங்கள், வாரத்துக்கு ஆறாக 25 வாரங்கள். அதாவது 175 நாட்கள். சீசனுக்கு 17 நாள் வீதம் மூன்று சீசனில் 51 வரும். இந்த நாட்கள் ஓய்வூதியத்துக்கு மட்டும் செல்லட்டும். சம்பளத் தகராறை நடுவரிடம் கொண்டுபோகும் உரிமைக்கோ, ஒப்பந்தத்திலிருந்து விடுபடும் உரிமைக்கோ கணக்கில் சேர வேண்டாம். அப்படிச் செய்தால் அணிகளின் சம்பளத் திட்டம் ஒன்றும் குலையாது.

மேலே போய் வரும் நாள் எப்படியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இரவு ஆட்டம் முடிந்ததும் மேலாளர் அறைக்குக் கூப்பிடுகிறார். விடியற்காலை விமானம். இரண்டு கையுறை, நான்கைந்து மட்டை, காலணி, மாற்றுத் துணி மட்டும் பையில் போகும். கார் மைதானத்துக்கு வெளியே நிற்கும். மனைவியும் குழந்தையும் இன்னும் பிரிக்காத பெட்டிகளோடு வாடகை வீட்டில் இருப்பார்கள். பத்து நாளில் திரும்பி வந்தால், 2022-இல் வந்த தங்குமிட ஏற்பாடு தனிப்பட்ட மேஜர் லீக் ஒப்பந்தத்தில் இருப்பவர்களைச் சேர்க்காததால், அந்த ஊரில் அவரே வீடு பிடிக்க வேண்டும். 2024-இல் முதல் முறை அப்படி ஒப்பந்தமான ஒருவர் கீழே ஆடும்போது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 60,300 டாலர். இரண்டு ஊரில் முன்பணம் கட்டினால் அது எத்தனை நாள் தாங்கும்? மேலே போனவரின் அறையை 15 நாள் பூட்டி வையுங்கள். திரும்பினால் சாவியைக் கொடுங்கள். இதுவே போதும்.

மேஜர் லீக் ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் நாற்பது பேர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கி, அவரை என்ன செய்வது என்று அணி முடிவெடுக்கும் காலத்தை முன்பு 10 நாளாக வைத்திருந்தீர்கள், பிறகு 7 ஆக்கினீர்கள். அந்த ஏழு நாளும் அவருக்கு ஆட்டம் கிடையாது. எந்த ஊருக்குப் போவோம் என்பதும் தெரியாது. மற்ற அணிகள் அவரைக் கேட்டு எடுக்க 48 மணி நேரம் போதும் என்பது உங்களுடைய விதியே. ஆகவே 4 நாளாக்குங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ஓய்வூதியமும் நாற்பது பேர் பட்டியலும் மேஜர் லீக் ஒப்பந்தத்தில் வருகின்றன. தங்குமிடமும் விடுவிப்பும் மைனர் லீக் ஒப்பந்தத்தில் வருகின்றன. ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டுவது எளிது. இரண்டு ஒப்பந்தங்களிலும் கையெழுத்திடப்போவது நீங்கள் இரு தரப்பினர்தான். சேவை நாள் கோரிக்கையையும் நாற்பது பேர் பட்டியல் கோரிக்கையையும் 2026 பேச்சிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் 2027-க்கான முதல் வரைவில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
மைனர் லீக் ஒப்பந்தக் கணக்குகளைக் கவனித்து வருபவர்கள்