மாட்டுவண்டிப் பயணத்துக்கு உதவி அணி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வணக்கம்.

முதலாந் தவணை விடுமுறை தொடங்கியதும் மாங்குளத்திலிருந்து வற்றாப்பளைக்கு நான்கு நாள் மாட்டுவண்டிப் பயணம் புறப்படுகிறது. எட்டு வண்டி, பதினாறு மாடு, மாற்றுக்கு ஒரு சோடி. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஊரவரும் வெளிநாட்டில் உள்ள உறவுகளும் தரும் பணத்தில், தூரக் கிராமங்களிலிருந்து நடந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்குவோம். வண்டிக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். இன்னும் வேண்டியது உதவி அணிக்கு 24 பெரியவர்கள். அந்த வேலை என்னவென்று தெரிந்துகொண்டு பெயர் தர வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

உதவி அணி என்றால் வண்டிகளுக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இந்த அணி வண்டிகளுக்கு முன்னால் போக வேண்டும். மாடு வந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் ஏற்கெனவே தொட்டியில் நிறைந்திருக்க வேண்டும், நிழல் பார்த்து வைத்திருக்க வேண்டும், வைக்கல் உதறிப் போட்டிருக்க வேண்டும். மாடு வந்த பிறகு கிணறு தேடினால் அரை மணித்தியாலம் வெயிலில் போய்விடும். அந்த அரை மணித்தியாலத்தின் களைப்பு மறுநாள் காலையில் மாட்டின் நடையில் தெரியும்.

சித்திரையில் ஏன் என்று சிலர் கேட்டீர்கள். காலபோக அறுவடை முடிந்து மாடுகளுக்கு ஓய்வு, வீட்டுக்கு வீடு புது வைக்கல், குளங்களில் இன்னும் தண்ணீர். ஆவணியில் இவற்றில் பாதி இராது. ஆனால் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில்தான் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சம் கொடுக்கிறது. ஆகவே நேர அட்டவணையை வெயிலே தீர்மானிக்கிறது. வெயிலுக்குப் பயந்து விடியற்காலை மூன்று மணிக்கே பூட்டலாம் என்றால், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் யானை வீதியைக் கடக்கும் நேரம் அதுதான். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைப்பது சிறிய இடைவெளி: நிலம் தெளியும் 5.45 மணிக்குப் பூட்டி 9 மணிக்கு அவிழ்ப்பது, மாலை 4 மணிக்குப் பூட்டி 5.30 மணிக்குள் தங்குமிடம் சேர்வது. மாடு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நடக்கும். இடையில் ஒரு தண்ணீர் நிறுத்தத்தையும் சேர்த்தால் காலையில் 8, மாலையில் 4, நாளுக்கு 12 கிலோமீற்றர். ஏ34 வீதியில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுவரை 50 கிலோமீற்றர் அளவில் வரும். வற்றாப்பளை அதற்கு முன்னால். நான்கு நாள் போதும். மூன்று நாளில் முடிக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை.

தண்ணீரைப் பற்றி. இந்த வெயிலில் வேலை செய்யும் மாட்டுக்கு நாளுக்கு 40 முதல் 50 லீற்றர் வேண்டும். பதினெட்டு மாட்டுக்கு 720 முதல் 900 லீற்றர். உழவு இயந்திரத்தில் 1,000 லீற்றர் தாங்கி ஒன்று வரும், ஒவ்வொரு மாலையும் நிரப்ப வேண்டும். ஆட்களுக்குக் கொதித்தாறிய தண்ணீர் வேறு, அதற்குத் தனிக் கலன். பிளாஸ்ரிக் பரல்களை நெடுக்காகப் பிளந்து தொட்டியாக வைப்போம். பரல் தருகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கிருமிநாசினியோ களைநாசினியோ இருந்த பரலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்க மாட்டோம். களைத்து வந்த மாட்டுக்கு முதலில் அரை வாளி, பத்து நிமிடம் கழித்து வேண்டிய அளவு. வாளியை மாட்டுக்கு மாடு மாற்றக் கூடாது. கால், வாய் நோய் (கோமாரி) எச்சிலால் பரவும். 2020 இல் வடக்கில் தோல் கழலை நோய் பரவியதை மாடு வளர்க்கிற எல்லோரும் அறிவீர்கள். எனவே புறப்படுவதற்கு முன் கால்நடை வைத்தியர் ஒவ்வொரு மாட்டையும் பார்ப்பார். அவர் ஒப்பமிட்ட சுகநலச் சான்றிதழ் இல்லாத மாட்டை நுகத்தில் பூட்ட விட மாட்டோம்.

தீனிக்கு மாட்டொன்றுக்கு நாளுக்கு 7 கிலோ வைக்கல், தவிடும் புண்ணாக்கும் சேர்த்து 2 கிலோ, ஒரு சிறங்கை உப்பு. நான்கு நாளுக்கு ஏறக்குறைய 500 கிலோ வைக்கல் சேர்க்க வேண்டும். பின்னேரத் தீனிதான் பெரிய தீனி. மதியத்தில் மாடு படுத்து அசைபோட விட வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகள் அருகில் போய் எழுப்பக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தில் உங்கள் எல்லோருடைய ஒத்துழைப்பும் வேண்டும். வழியில் அன்போடு நிற்கும் ஊரவர் மாட்டுக்குப் பொங்கலும் சோறும் வாழைப்பழமும் நீட்டுவார்கள். மாட்டின் முதல் வயிறு வைக்கலைப் புளிக்க வைக்கும் பானை போன்றது. அதில் திடீரென்று ஒரு வாளி சோறு விழுந்தால் அமிலம் கூடி வயிறு பொருமும். இடப்பக்க விலா மேலெழும்பி, தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும். அசைபோடுவது நின்றுவிடும். சில மணித்தியாலங்களில் மாடு சாகலாம். தருகிறவர்களின் மனம் நோகாமல் வாங்கி, சமையல் வண்டியில் சேர்த்துவிடுங்கள். மாட்டுக்குத்தான் தர வேண்டும் என்று நிற்பவர்களிடம் ஒரு பிடி பச்சைப் புல்லைக் கையில் கொடுங்கள், அவர்களே ஊட்டட்டும்.

அறப்பணிக்காகப் பல நாள் குதிரைப் பயணம் நடத்தும் நாடுகள் உண்டு. நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் இடைநிறுத்தத்தில் நாடித்துடிப்பு குறித்த அளவுக்கு இறங்காவிட்டால் அந்தக் குதிரை மேலே போக முடியாது. அந்த ஒழுங்கை எங்கள் மாடுகளுக்கு ஏற்றபடி எடுத்திருக்கிறோம். நிறுத்தத்துக்கு வந்து இருபது நிமிடம் நிழலில் நின்ற பிறகு விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் போதும். ஓய்வில் நிமிடத்துக்கு 30 இற்குள் இருப்பது இயல்பு. 60 இற்கு மேல் நின்றால் அந்தச் சோடியைப் பூட்டுவதில்லை, மாற்றுச் சோடி போகும். வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்கி, எச்சில் வடிந்தால் அந்த இடத்திலேயே அவிழ்த்து நிழலில் விட்டு, உடலிலும் காலிலும் தண்ணீர் ஊற்றி, வைத்தியரை அழைக்க வேண்டும். இந்த முடிவு உதவி அணியுடையது. வண்டிக்காரர் தன் மாட்டில் வைத்திருக்கும் பெருமையால் "இன்னும் இழுக்கும்" என்பார். அவரோடு வாதிடாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நிற்கக் கூடியவர்களே இந்த வேலைக்கு வேண்டும்.

ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் நுகம் பட்ட கழுத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சூடும் வீக்கமும் தெரிந்தால் மறுமுறை பூட்டினால் புண்ணாகும். பெரும்பாலும் காரணம் வண்டியின் பாரம்தான். முன்பாரம் கழுத்தை அழுத்தும், பின்பாரம் நுகத்தைத் தூக்கிக் கழுத்துக் கயிற்றால் தொண்டையை நெரிக்கும். எல்லோரும் ஏறி இருந்த பிறகு நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். சிறிது பாரத்தோடு கீழே அமர்ந்தால் சரி. வண்டிக்கு வண்டிக்காரரோடு நான்கு மாணவர், அதற்கு மேல் இல்லை. பாலத்து ஏற்றங்களில் எல்லோரும் இறங்கி நடப்பார்கள்.

லாடம் பயணத்துக்கு ஐந்தாறு நாள் முன்னரே அடித்திருக்க வேண்டும். ஆணி உயிர்த்தசையில் ஏறியிருந்தால் நொண்டல் இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும். முதல்நாள் அடித்துக்கொண்டு வந்தால் அது நடுக்காட்டில்தான் தெரியவரும். காலுக்கு இரண்டு தகடு, மாட்டுக்கு எட்டு. மேலதிகமாக 20 தகடும் ஆணியும் கொண்டுபோவோம். லாடம் அடிக்கத் தெரிந்த பெற்றோர் இருந்தால் தயவுசெய்து முதலில் உங்கள் பெயரைத் தாருங்கள், அந்தக் கை இப்போது எங்கள் பக்கத்தில் அரிது.

மரச்சில்லு வண்டிகள் மூன்று வருகின்றன. கோடையில் மரம் சுருங்கி இரும்புப் பட்டை தளரும், ஆரக்கால் ஆடும். ஒவ்வொரு இரவும் சில்லுகளில் ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடையாணியை எல்லா நிறுத்தத்திலும் தொட்டுப் பார்க்க வேண்டும், அது கழன்று விழுந்தால் சில்லு தானாகக் கழன்று ஓடும். காலையில் அச்சுக்குக் கிறீஸ். ரயர் வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் போதும்.

வீதியில் எங்களுக்கு உள்ள ஆபத்து பஸ்ஸும் மணல் ரிப்பரும். வரிசைக்கு 100 மீற்றர் முன்னும் பின்னும் சிவப்புக் கொடியோடு இரண்டிரண்டு பேர் நிற்பார்கள். எல்லா வண்டியின் பின்னாலும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டப்படும். வண்டிக்கு வண்டி பத்து மீற்றர் இடைவெளி. கோண் சத்தத்துக்கு மாடு வெருண்டால் கயிற்றைப் பிடித்து இழுக்க ஓட வேண்டாம், மாட்டுக்கு முன்னால் நின்று மறிக்கவும் வேண்டாம். வண்டிக்காரர் அடக்குவார், நீங்கள் பிள்ளைகளை வீதியோரத்துக்கு எடுங்கள். இயற்கைக் கடனுக்கென்று எவரும் காட்டுக்குள் இறங்கக் கூடாது. கண்ணிவெடிக்கு எச்சரிக்கையாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லாத இடமானாலும் இதே விதிதான். நிலத்தில் இனந்தெரியாத பொருள் கிடந்தால் தொடாமல் அடையாளம் வைத்து 119 இற்குச் சொல்லுங்கள். பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் மலசலகூட வசதி கேட்டிருக்கிறோம்.

இரண்டாம் இரவு ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலை அண்டியும், மூன்றாம் இரவு முள்ளியவளையிலும் தங்குவோம். 1803 இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயருக்கு எதிராகப் பொருதியதை நினைவுகூரும் இடமான கற்சிலைமடுவும் ஒட்டுசுட்டான் பக்கத்தில்தான். சரித்திர ஆசிரியர் மாணவரை அங்கே அழைத்துச் செல்வார். கோயில் தங்கல் என்பதால் சாப்பாடு முழுவதும் மரக்கறி. ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, ஏறக்குறைய 40 கிராம் பருப்பு. காலையில் பாணும் சம்பலும்.

இரவுக் காவல் இரண்டு மணித்தியாலத்துக்கு இரண்டு பேர். தவிடும் உப்பும் அரிசியும் யானையை இழுக்கும், அவற்றை வெளியில் வைக்காமல் கட்டடத்துக்குள் பூட்டுங்கள். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பது மட்டும் எங்கள் வேலை, துரத்துவதல்ல. வைக்கல் அள்ளும்போது ரோச் வெளிச்சமும் சப்பாத்தும் கட்டாயம், வைக்கலுக்குள் புடையன் பாம்பு படுத்திருக்கும். கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசையவிடாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பின்னேரம் இடி மழை வந்தால் தனிமரத்தின் கீழோ பனையின் கீழோ மாட்டைக் கட்டாதீர்கள். நனைந்த மாட்டைக் காற்று படாத இடத்தில் வைத்து வைக்கலால் உரஞ்சித் துடையுங்கள். 2022 டிசம்பரில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து வடக்கு கிழக்கில் எத்தனை மாடுகளைக் கொண்டுபோனது என்பதை மறக்கவில்லைத்தானே.

24 பேரின் பங்கு இது: முன்னே போய் இடம் பார்க்க நால்வர், தண்ணீருக்கும் தீனிக்கும் அறுவர், வீதிக்கு அறுவர், சமையலுக்கு அறுவர், முதலுதவிக்கும் கணக்குக்கும் இருவர். நான்கு நாளும் நிற்க முடியாதவர் இரண்டு நாள் நிற்கலாம், ஆனால் இடையில் ஆள் மாறுவது மாலைத் தங்குமிடத்தில் மட்டுமே. மாணவிகள் வருவதால் தாய்மார் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். 9 ஆம் தரத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஏற்ற மாட்டோம். உண்டியல்கள் முத்திரையிட்டபடியே வரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொருளாளரும் இரண்டு பெற்றோரும் சேர்ந்து திறந்து எண்ணிப் பற்றுச்சீட்டு எழுதுவார்கள்.

இணைத்துள்ள படிவத்தில் பெயர், நிற்கக் கூடிய நாட்கள், மோட்டார் சைக்கிளோ லாண்ட்மாஸ்டரோ (இருசில்லு உழவு இயந்திரம்) தர முடியுமா என்பவற்றை எழுதி வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஞாயிறு காலை 8 மணிக்குப் பாடசாலை மைதானத்தில் ஒரு சோடி மாட்டையும் ஒரு வண்டியையும் கொண்டு ஒத்திகை பார்ப்போம். மூச்சு எண்ணுவதும், பாரம் பார்ப்பதும், கடையாணி சோதிப்பதும் அன்று பழக வேண்டும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்