103-ஐ எனக்குப் புரியவைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

இந்த மார்ச்சோடு பணி ஓய்வு. ஜப்பானின் வேலைச் சந்தையை ஆராய்ந்தவன் என்று என்னைச் சொல்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பிறர் சொல்லிக்கொடுத்தது.

முதல் நன்றி, சைத்தாமாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டில் காய்கறிக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு. கடையில் கூட்டம் நெரியும் டிசம்பரில் பகுதிநேரப் பெண்களின் வேலை நேரம் ஏன் குறைகிறது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கேட்டதும் சிரித்துவிட்டார். "103 தாண்டிடுமே, சென்செய் (ஆசிரியரே)!" அப்போது ஆண்டு வருமானம் 103 பத்தாயிரம், அதாவது 10,30,000 யென்னைத் தாண்டினால் வருமான வரி; கணவரின் கம்பெனி தரும் குடும்பப் படியும் பல இடங்களில் நின்றுபோகும். அதனால் வருடக் கடைசியில் அவர்களே லீவு போடுவார்கள். கூலியை ஏற்றினால் ஆள் கிடைக்கும் என்று வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். இங்கே கூலி ஏறினால் 103 இன்னும் சீக்கிரம் வந்துவிடும்! அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு கட்டுரை எழுதினேன். பெயர் போடவேண்டாம் என்றார். இங்கேயும் போடவில்லை.

நெரிமாவில் உள்ள தொழிலாளர் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் நூலகர்களுக்கு: கான்ஜி என்ற ஜப்பானிய எழுத்துகளில் என் வாசிப்பு எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத்தான் தெரியும். வெளியே சொல்லாததற்கும் சேர்த்து நன்றி.

2008 கடைசி நாளில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் வேலை இழந்தவர்களுக்காகக் கூடாரம் போட்டிருந்தார்கள். 2004-இல் தொழிற்சாலைகளுக்கும் ஏஜென்சிகள் தற்காலிக ஆட்களை அனுப்பலாம் என்று சட்டம் தளர்ந்தது. 2008 நிதி நெருக்கடி வந்ததும் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அந்த ஏஜென்சி ஆட்கள்தான். வேலையோடு தங்கியிருந்த விடுதியும் போயிற்று. கஞ்சி வரிசையில் நின்ற ஓர் இளைஞர் தான் பார்த்த வேலைகளை ஒன்றுவிடாமல் சொன்னார். முடித்துவிட்டு, "இதை எழுதினா என்ன ஆகும்?" என்றார். பதில் தெரியவில்லை. ஒரு டின் காபி வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு நான் பட்ட கடன் அப்படியே இருக்கிறது.

ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா கேட்பாள்: "அங்க ஒருதடவ சேர்ந்துட்டா கடைசிவரைக்கும் வேலையாமேடா?" பெரிய கம்பெனியில் நிரந்தர ஊழியருக்குத்தான் அக்கா. இன்று சம்பளத்துக்கு உழைப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் இல்லாதவர்கள். நீ விடாமல் கேட்டதால்தான் எளிமையாகச் சொல்லப் பழகினேன்.

மார்ச் 31 வரை அறையில் இருப்பேன். ஷுன்தோ என்னும் வசந்தகாலக் கூலிப் பேச்சுவார்த்தைகளின் பழைய துண்டறிக்கைகள் நான்கு பெட்டி கிடக்கின்றன. வேண்டுகிற மாணவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். டீ உண்டு.