அப்ரண்டிஸ் குறிப்பேட்டை மாதக் கடைசியில் நிரப்பாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐடிஐ, டிப்ளமோ, பொறியியல் முடிவுகள் வந்ததும் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் சிப்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர் பயிற்சி, கிடைத்துவிட்டால் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்தது. ஓராண்டு கழித்துச் சான்றிதழும் வருகிறது. ஆனால் அடுத்த கம்பெனி நேர்முகத்தில் "எந்த மிஷினில் என்ன செய்தாய், எதை வைத்து அளந்தாய்?" என்று கேட்டால் பலரும் திணறுகிறார்கள். பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஓராண்டை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் ஒப்பந்தம். தொழில் பழகுநர் சட்டம் 1961-இன்படி பதிவான ஒப்பந்தம் வேறு, ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி 'டிரெய்னி' என்று போட்டுத் தரும் தாள் வேறு. முதலாவதற்கு அரசு இணையதளத்தில் பதிவும், ஒப்பந்த எண்ணும், முடிவில் அரசுச் சான்றிதழும் உண்டு. இரண்டாவதற்கு இவை எதுவும் கிடையாது. டிப்ளமோ, பட்டதாரிகளுக்கான திட்டத்தைத் தென் மாநிலங்களில் பார்த்துக்கொள்வது சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். அதில் ஏற்கனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களைச் சேர்க்க மாட்டார்கள். 'டிரெய்னி'யாக ஓராண்டு ஓட்டிவிட்டு, பிறகு அப்ரண்டிஸ் போகலாம் என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்ட சில நாட்களில் தங்கள் லாகினில் ஒப்பந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நம் ஊரில் அதிகம் சிக்கல் தருவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்த பெயர், வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒன்று. மாத உதவித்தொகையில் அரசின் பங்கு நேராகப் பழகுநரின் கணக்குக்கே வருவதால், பெயர் ஒத்துவராமல் போனாலோ கணக்கில் ஆதார் இணைக்கப்படாமல் இருந்தாலோ பணம் நின்றுவிடும். சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே மூன்றையும் ஒன்றாக்கி வைத்துக்கொள்வது நல்லது. உதவித்தொகையின் குறைந்தபட்சத்தை 2019-இல் திருத்திய விதிகள் ஐடிஐக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தன. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையும் கையில் வரும் தொகையும் ஒன்றுதானா என்று மாதாமாதம் பாருங்கள்.

சட்டத்தின் இன்னும் இரண்டு பிரிவுகளைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் தொழிலாளிக்கு உள்ளதுபோலவே இழப்பீடு உண்டு. அதே நேரம், ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. "சேர்ந்தாச்சு, இனி பர்மனென்ட்தான்" என்று ஊரில் சொல்லி வைப்பது பிள்ளைக்குத்தான் பாரம்.

இனி, இந்தக் கடிதம் எழுதவே காரணமான குறிப்பேடு, அதாவது பழகுநர் தான் செய்த வேலையை எழுதி வைக்கும் நோட்டு. பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. நடப்பது வேறு. மாதக் கடைசியில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்ற மூவரும் பார்த்து எழுதுகிறார்கள். 'சிஎன்சி லேத்தில் (கணினி வழி ஓடும் கடைசல் மிஷினில்) வேலை செய்தேன்' என்ற ஒரே வரி முப்பது நாளுக்கும். மேற்பார்வையாளரும் பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறார். ஆண்டுக் கடைசியில் அந்த நோட்டு எதற்கும் உதவுவதில்லை.

எழுத வேண்டியது என்ன என்பதை ஒரு ஜாப்பை, அதாவது மிஷினில் கடையும் ஒரு பாகத்தை, வைத்தே சொல்கிறேன். 30 மி.மீ. தண்டு, மேல் எல்லை 30.000, கீழ் எல்லை 29.987. இடைவெளி 13 மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு 0.02 மி.மீ. காட்டும் வெர்னியர் உதவாது. 0.001 வரை காட்டும் 25–50 மைக்ரோமீட்டர் வேண்டும். கையில் எடுத்ததும் கூடவே வரும் 25 மி.மீ. செட்டிங் ராடை வைத்துப் பூஜ்ஜியம் சரிபார்க்க வேண்டும். முனைகளைத் துடைத்து, ஜாப்பில் பிசிறு இருந்தால் எடுத்து, மைக்ரோமீட்டரின் கடைசியில் உள்ள ராட்செட் என்ற சிறு திருகைப் பிடித்துத்தான் திருக வேண்டும். அளவு பொறித்த உருளையான திம்பிளைப் பிடித்து இறுக்கினால் அளவு குறைவாகக் காட்டும்.

புதியவர்கள் தவறுவது அடுத்த இடத்தில். மிஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் 30.004 காட்டுகிறது. இலக்கு இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், 29.994. உடனே எக்ஸ் ஆஃப்செட்டில், அதாவது விட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ மிஷினில் போடும் திருத்தத்தில், மைனஸ் 0.010 போடுகிறார் பையன். ஆனால் எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியும். அறை வெப்பத்தைவிட 20 டிகிரி சூடாக உள்ள 30 மி.மீ. தண்டு 7 மைக்ரான் பெருத்துக் காட்டும். ஆறியதும் அது 29.997, அதாவது நல்ல ஜாப்தான். அவர் போட்ட திருத்தத்தால் அடுத்த ஜாப் 29.987-க்கு இறங்கி எல்லையின் விளிம்பில் நிற்கிறது. இன்னும் ஒரு மைக்ரான் இறங்கினால் ஸ்கிராப். தடித்த தண்டை மறுபடி கடையலாம், மெலிந்த தண்டை ஒன்றும் செய்ய முடியாது. ஆஃப்செட்டில் பிளஸ், மைனஸ் மாற்றிப் போடுவது இன்னொரு தவறு: 0.010 கூடுதலாக இருந்தது அடுத்த ஜாப்பில் 0.020 ஆகிவிடும்.

இதைத்தான் அன்றே நோட்டில் எழுத வேண்டும்: தேதி, மிஷின், என்ன ஆபரேஷன், எந்த அளவுக் கருவி, என்ன அளவு வந்தது, எது ரிஜெக்ட் ஆனது, காரணம் என்ன, எப்படிச் சரிசெய்தார்கள். ஆறேழு வரி போதும். பார்ட் நம்பர், வாடிக்கையாளர் பெயர், வரைபடம் இவற்றை எழுதக் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. அவை கம்பெனியின் ரகசியம், பல ஆலைகளில் கேட்டிலேயே செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். இப்படி எழுதிய நூறு பக்கம் இருந்தால் நேர்முகத்தில் வாய் தானாகத் திறக்கும். ஐடிஐ படித்தவர்களுக்கு, முடிவில் எழுதும் அகில இந்திய தொழிற்தேர்வுக்கும் அதுவே கைகொடுக்கும். அதில் தேறிப் பெறுவது தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ்; ரயில்வே நிறுவனங்களிலேயே பயிற்சி முடித்து அதைப் பெற்றவர்களுக்கு ரயில்வேயின் லெவல்-1 (கடைநிலை) பணித் தேர்வுகளில் 20 சதவீத இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மிஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டில் அருகே கையுறை போடக் கூடாது, சுருள் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது, அதற்குக் கொக்கி உண்டு. நம் பிள்ளைகள் பலரின் மணிக்கட்டில் கோயில் கயிறு இருக்கும். டிரில் பிட்டில் அது சிக்கினால் அறுந்து விழாது, கையையும் சேர்த்துச் சுற்றிவிடும். உள்ளே போகுமுன் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாமி கோபிக்காது.

கம்பெனிகளுக்கும் ஒரு கோரிக்கை. சில இடங்களில் பழகுநரை முதல் வாரம் ஒரு ஸ்டேஷனில் நிறுத்துகிறார்கள். பன்னிரண்டாம் மாதமும் அவர் அதே போல்ட்டைத்தான் முடுக்கிக்கொண்டிருக்கிறார். ஆள் பற்றாக்குறை புரிகிறது. ஆனால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. முதல் மாதம் பாதுகாப்பும் அடிப்படையும், பிறகு மூன்று மாதம் மிஷின், மூன்று மாதம் அசெம்பிளி, இரண்டு மாதம் இன்ஸ்பெக்‌ஷன், இரண்டு மாதம் பராமரிப்பு, கடைசி மாதம் ஸ்டோர்ஸ் என்று சுற்றி வர விட்டால் உற்பத்தி நின்றுவிடாது. பராமரிப்பில் விட்ட இரண்டு மாதம் மற்ற பத்து மாதத்துக்குச் சமம் என்பது என் கருத்து. மிஷின் ஏன் நிற்கிறது என்று பார்த்தவருக்குத்தான் அது எப்படி ஓடுகிறது என்பது விளங்கும்.

மேற்பார்வையாளர்கள் சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வாரக் குறிப்புகளைப் படியுங்கள். அளவோ காரணமோ தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்,
மூக்கண்டப்பள்ளி, ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.