விளையாட்டு விழா ஜூலையில் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு அடுத்தடுத்து நடக்கின்றன. அப்போது பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது செய்முறைத் தேர்வு. நன்றாக ஓடுகிற பெரிய பிள்ளைகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க, கோப்பையை யாருக்கோ கொடுத்து முடிக்கிறோம்.

இதைவிடப் பெரிய கோளாறும் உண்டு. பக்கத்துப் பள்ளிகளுக்கிடையே முதல் கட்டமாக நடக்கும் குறுவட்டப் போட்டிகள் ஆகஸ்ட் வாக்கிலேயே தொடங்கிவிடும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்குப் பெயர் கொடுக்கும்போது, யார் ஓடுவார், யார் தாண்டுவார் என்று காட்ட வேண்டிய விழாவே நடந்திருக்காது. பழைய பட்டியலைப் பார்த்துப் பெயர் போகும். ஜூனில் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதிலோ புதிதாகச் சேர்ந்த பிள்ளை யார் கண்ணிலும் படாது.

ஜூலைக் கடைசிதான் தோது. ஆடிக்காற்று புழுதியைக் கிளப்பும், அவ்வளவுதான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசல் மைதானத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் காலில் அப்பம் அப்பமாக மண் ஏறும். காய்ந்தாலோ வெடிப்பு, கணுக்கால் பிசகும். ஓடுபாதை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் வெடிப்பு மூடிக்கொள்ளும்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் ‘மகிழ் முற்றம்’ வந்த பிறகு குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து குழுக்கள். எனவே ஐந்து தடங்கள் வேண்டும். 200 மீட்டர் சுற்றுக்கு நேர்ப்பகுதி 40 மீட்டர், வளைவின் ஆரம் 18.80 மீட்டர், தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்று வைத்தால், சுமார் 90க்கு 50 மீட்டர் இடம் போதும். ஆரத்தை நைலான் கயிற்றால் அளக்கக் கூடாது, இழுத்தால் நீளும். இரும்பு டேப்போ கம்பியோ வேண்டும். நீற்றிய சுண்ணாம்புத் தூளைத்தான் போட வேண்டும். நீறாத சுண்ணாம்பு வியர்வை பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும்.

தவறு அதிகம் நடப்பது தொடக்கக் கோட்டில். வெளித்தடத்தில் வளைவு நீளம், அதை ஈடுகட்ட அந்தத் தடத்தின் தொடக்கக் கோட்டை முன்னே தள்ள வேண்டும். 400 மீட்டர் பாதையில் 200 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரே வளைவு. ஆகவே இரண்டாம் தடத்துக்கு 3.52 மீட்டர் முன்னே தள்ளுவார்கள். அதே எண்ணை அப்படியே 200 மீட்டர் பாதைக்கும் எடுத்துப் போடுகிறார்கள். இங்கே ஓடுகிற பிள்ளை இரண்டு வளைவையும் சுற்றுகிறது. தள்ள வேண்டியது இரண்டாம் தடத்துக்கு 7.04 மீட்டர், மூன்றாவதுக்கு 14.70, நான்காவதுக்கு 22.37, ஐந்தாவதுக்கு 30.03. பாதியை மட்டும் தள்ளினால் ஐந்தாம் தடத்தில் ஓடும் பிள்ளை 15 மீட்டர் கூடுதலாக ஓடும், அதாவது இரண்டு வினாடிக்கு மேல் போச்சு. ‘அந்தக் குழுவில் ஆளே சரியில்லை’ என்ற பேச்சு வேறு.

காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் ஓட்டங்களை முடித்துவிடலாம். ஆனால் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. என்றாலும் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். அணிவகுப்பில் மயங்கி விழுவதற்குப் பசியும் ஒரு காரணம், வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் அவித்த கடலையும் கொடுத்துவிட்டு விசில் ஊதலாம். குடிக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குமட்டும்.

மேடைக் கலைகளுக்கு 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகள் இருக்கின்றன. அதில் பள்ளி அளவில் ஆடியதையும் பாடியதையுமே ஆண்டு விழாவில் மேடையேற்றினால், ஜனவரியில் பத்து நாள் ஒத்திகை என்று வகுப்புகளைக் காலி செய்ய வேண்டியதில்லை. அதே பத்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஆடுவதும் குறையும்.

ஜூன் முதல் வார ஆசிரியர் கூட்டத்திலேயே ஜூலைத் தேதியைக் குறித்துவிட வேண்டும். அதுவரை பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கேட்காதிருந்தால் போதும்.

– உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.